மூன்றாம் பலகையில் இருநூற்றுப் பன்னிரண்டு

எங்கள் சைக்கிள் சங்கத்தின் பதிவேட்டில் நாற்பத்தொன்றாம் பக்கம், பத்தொன்பதாவது வரி ஒற்றைக் கோட்டால் அடிக்கப்பட்டிருக்கிறது. பதிவேடு என் கைக்கு வந்து பதினொரு ஆண்டு ஆகிறது. இத்தனை ஆண்டில் அடிக்கப்பட்ட வரி அது ஒன்றுதான். அந்த வரிக்குரியவரை நாங்கள் அரைசென்டி என்று கூப்பிடுவோம். அவரைப் பற்றி எழுதலாமா என்று கேட்டபோது, "எழுதுங்கண்ணே. ஆனா பாவம் மனுஷன்னு மட்டும் எழுதிராதீங்க" என்றார். ஆகையால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

அவர் இருபத்தைந்து வயதில் சுரங்கத்தின் மூன்றாம் பம்ப் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சுரங்கம் மூடும் வரை, இருபத்தொன்பது ஆண்டு, அதே நிலையம். பூமிக்கடியில் ஊறும் நீரை இறைத்துக் கால்வாயில் விடுவது நிலையத்தின் வேலை. கால்வாயின் மட்டத்தை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்து எழுதுவது அவர் வேலை. கரையோரம் நீருக்குள் ஒரு வெள்ளைப் பலகை நின்றது. அதில் சென்டிமீட்டர் கணக்கில் கறுப்புக் கோடுகள். தண்ணீர் எந்தக் கோட்டைத் தொடுகிறதோ அதை எழுத வேண்டும். அவ்வளவுதான்.

நான் அப்போது சர்வே அலுவலகத்தில் இருந்தேன். அவர் எழுதிய தாள் தினமும் காலை எட்டரை மணிக்கு என் மேசைக்கு வரும். மற்ற நிலையங்களின் தாள்களில் முழு எண்கள் இருக்கும். இவர் தாளில் 187.5 என்று இருக்கும். ஒருநாள் இன்ஜினியர் போனில் கூப்பிட்டுக் கேட்டார்.

"அரை சென்டில என்னய்யா உலகம் முழுகிடப் போகுது?"

"தண்ணி அங்கதான் சார் நிக்குது. நான் போய்த் தள்ளிவிட முடியாதே."

அன்றிலிருந்து அவர் அரைசென்டி. அவர் மனைவி கூடச் சில சமயம் அப்படித்தான் கூப்பிடுவார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு மழைக்காலத்தில் அவருக்குக் கடும் காய்ச்சல். பலகை வரை போனவருக்குக் கோடுகள் இரண்டிரண்டாகத் தெரிந்திருக்கின்றன. முந்தைய எண் 203, அடுத்த எண் 205. வேறு யாராக இருந்தாலும் நடுவில் 204 என்று போட்டு அனுப்பியிருப்பார்கள். இவர் அந்தக் கட்டத்தில் 'பார்க்கவில்லை' என்று எழுதி அனுப்பினார். என் முப்பத்தாறு வருட வேலையில் அந்த வார்த்தையை அந்த ஒரு தாளில்தான் பார்த்தேன்.

சுரங்கம் மூடியபோது பம்பை நிறுத்திய கையும் அவருடையதுதான். நீர் ஏறியது. நிலக்கரி எடுத்து உள்வாங்கிப்போயிருந்த நிலமெல்லாம் நிறைந்து சதுப்பாயிற்று, நாணல் வந்தது, பறவைகள் வந்தன. கரி ஏற்றிப்போன சிறு ரயில் பாதையின் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அடியில் இருந்த ஜல்லி மிஞ்சியது. கால்வாய்க்கரை, ஜல்லிப் பாதை, சதுப்பு நடுவே மண்வரப்பு. இப்படி நூறு கிலோமீட்டருக்கு மேல் கார் போகாத வழி எங்களுக்கு வாய்த்துவிட்டது. அதைத் தேடிக்கொண்டு கிராவல் சைக்கிள்காரர்கள் வந்தார்கள். பந்தய சைக்கிள் போலவே வளைந்த கைப்பிடி இருக்கும், டயர் மட்டும் தடிமன், கல்லிலும் சேற்றிலும் ஓடும். சங்கம் பிறந்தது. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று பதிவேட்டை என்னிடம் கொடுத்தார்கள்.

அரைசென்டி அதற்குப் பிறகு ஒரு இரும்புக் கிடங்கில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றார். முட்டிவலிக்கு டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொன்னதும் ஒரு பழைய கிராவல் சைக்கிளைப் பிடித்தார். முன் டயர் ஒரு கம்பெனி, பின் டயர் ஒரு கம்பெனி. முதல் நாள் அவர் அரை டவுசரோடு கிளம்பியபோது நான் அங்கே இருந்தேன். பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"எங்க கிளம்பியாச்சு, இந்தக் கோலத்துல?"

"கால்வாய்க்கரைக்கு."

"போங்க போங்க. அங்க நிக்கிற கொக்குக்கும் இதே காலுதான். ஜோடி சேந்துக்கலாம்."

எங்கள் சங்கம் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு பெரிய சுற்று வைக்கிறது. தொண்ணூற்றிரண்டு கிலோமீட்டர். காலை ஏழு மணிக்குக் கடிகாரம் ஓடத் தொடங்கும், பகல் ஒரு மணிக்குள் வந்து சேர வேண்டும். அதற்குள் வந்தவர்களின் பெயரை ஒரு பலகையில் எழுதிச் சங்கத்தின் சுவரில் மாட்டுவோம். பரிசு வேறு எதுவும் கிடையாது. அரைசென்டி முதல் தடவை நாற்பது நிமிடம் தாமதம், இரண்டாம் தடவை இருபத்திரண்டு. மூன்றாம் தடவை அவருக்கு வயது அறுபத்தேழு. வந்து சேர்ந்தால், சுவரில் இருப்பவர்களிலேயே மூத்தவர் அவராகத்தான் இருப்பார்.

"ஒரு பேருக்கு ஏன் இவ்வளவு பாடுபடறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"இருபத்தொம்பது வருஷம் எழுதினேண்ணே. தாளுக்கு அடியில ஒரு கையெழுத்து. ஆபீஸ மூடினப்ப அந்தத் தாளையும் எரிச்சுட்டாங்க. எங்கயாவது ஒரு இடத்துல இருக்கட்டுமே."

எரித்த அன்று நானும் அங்கே இருந்தேன்.

இந்தச் சுற்றில் ஒரு வழக்கம் உண்டு. வழியில் ஆள் நிறுத்தி யார் வந்தார், யார் வரவில்லை என்று பார்க்க எங்களிடம் ஆள் பலம் இல்லை. பழைய பம்ப் நிலையங்கள் நான்கும் வழியில் வருகின்றன. நான்கிலும் நீர் அளவுப் பலகை இருக்கிறது. ஓட்டுபவர் ஒவ்வொரு பலகையிலும் நீர் மட்டத்தைப் பார்த்துத் தன் அட்டையில் பென்சிலால் எழுதிக்கொண்டு வர வேண்டும். மட்டம் மழைக்கும் மதகுக்கும் தக்கபடி மாறிக்கொண்டே இருக்கும், ஆகவே போகாமல் யாரும் எழுத முடியாது. இதைச் சொன்னது நான்தான். யாரும் எழுத முடியாது என்றபோது, எழுதக்கூடிய ஒருவர் இருப்பது என் நினைவில் இல்லை.

அந்த ஆண்டு சுற்றுக்கு மூன்று வாரம் முன்பு நீர்த்துறையினர் மூன்றாம் நிலையத்தின் மக்கிய பலகையைப் பிடுங்கிவிட்டுப் புதிய பலகை நட்டார்கள். புதிய பலகையின் பூஜ்யம் பழையதைவிட நூற்று நாற்பத்தெட்டு சென்டிமீட்டர் மேலே. அதாவது பழைய பலகையில் 200 என்று காட்டும் நீர், புதியதில் 52 என்று காட்டும். மாதம் ஒருமுறை அங்கே போகிறவன் என்பதால் எனக்குத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்லத் தேவை இருக்கவில்லை. பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதினால் போதுமே.

சுற்று நாள் தவிர அரைசென்டி அங்கே போவதே இல்லை. பயிற்சிக்குப் போகும்போதெல்லாம் இரும்புப் பாலத்தோடு திரும்பிவிடுவார். "அதுக்கப்புறம் உள்ள வழி கண்ணக் கட்டிவிட்டாலும் தெரியும்" என்பார். "தரையில தண்ணி ஏறி நிக்கறதப் பாக்க இவருக்கு ஆகாது" என்று அவர் மனைவி சொல்வார். இரண்டில் எது உண்மை என்று எனக்குத் தெரியாது.

சுற்று நாளன்று அவர் ஏழு மணிக்கே புறப்பட்டார். நர்ஸ் ஒருவர் இருபத்திரண்டு நிமிடம் கழித்துப் புறப்பட்டார். மருத்துவமனையில் டியூட்டி மாற்ற வேண்டியவர் தாமதமாக வந்ததால் அப்படி ஆயிற்று. கடிகாரம் யாருக்காகவும் நிற்காது என்பது விதி. அந்த அம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும், நல்ல ஓட்டக்காரர். முந்தைய இரண்டு ஆண்டும் வேலை நெருக்கடியால் பாதியில் திரும்பியவர். அவர் பெயரும் சுவரில் இல்லை.

அறுபத்தொன்றாவது கிலோமீட்டரில், பத்து ஐம்பத்திரண்டுக்கு, அரைசென்டியின் பின் டயர் கிழிந்தது. அவர் மண்டியிட்டுத் தடவிக்கொண்டிருந்தபோது நர்ஸ் வந்து இறங்கினார்.

"தள்ளுங்கய்யா. நான் போடறேன்."

"நீங்க போங்க சிஸ்டர். உங்க நேரம் போகுது."

"தையல் போடறதுதான் எங்க பொழப்பே. டயர் என்ன, தோல் என்ன."

தன் பையிலிருந்த மாற்று டியூபைப் போட்டு, கிழிசலுக்கு உள்ளே ஒட்டுத் துண்டு வைத்து ஒட்டி, காற்றடித்துக் கொடுத்தார். பதினெட்டு நிமிடம் ஆயிற்று. "நீங்க முன்னால போயிட்டே இருங்க. நான் கையக் கழுவிட்டு வந்து புடிச்சிக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கால்வாயில் இறங்கினார்.

இனி வருவது அரைசென்டி பிறகு என்னிடம் சொன்னது. இரும்புப் பாலத்தை அடையும்போது அவர் மணி பார்த்தார். மீதி வழியைக் கணக்குப் போட்டார். முறையாகப் போனால் ஒன்று மூன்று, அல்லது ஒன்று நாலு. பாலத்திலிருந்து இடப்பக்கம் திரும்பும் வரப்பு சதுப்புக்குள் போய், மூன்றாம் நிலையத்தைத் தொட்டு, வளைந்து, மதகடியில் மறுபடி கால்வாயைச் சேரும். ஐந்து கிலோமீட்டர் சேறு. நேராகக் கால்வாய்க்கரையிலேயே போனால் அதே மதகு இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவு.

பாலத்துத் தூணைப் பார்த்தார். ஆறாவது கல் வரிசைக்கு இரண்டு விரல் கீழே தண்ணீர் நின்றது. பாலத்தில் அந்த அளவு நின்றால் நிலையத்தில் எவ்வளவு நிற்கும் என்பதை இருபத்தொன்பது வருடம் தினமும் பார்த்தவர். நின்ற நிலையில் அட்டையை எடுத்து மூன்றாம் கட்டத்தில் 212 என்று எழுதினார். நேராகப் போய்விட்டார்.

பன்னிரண்டு ஐம்பத்தொன்றுக்கு வந்து சேர்ந்தார். எல்லோரும் கைதட்டினோம். அவர் மனைவி ஈரத்துணியால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டார். "கொக்கு வந்து சேந்திருச்சு" என்று அவர் சொன்னதற்கு எல்லோரும் சிரித்தோம். அரைசென்டி சிரிக்கவில்லை. களைப்பு என்று நினைத்தேன்.

நர்ஸ் ஒன்று நான்குக்கு வந்தார். நான்கு நிமிடம் தாமதம். கூட்டத்தில் ஒருவர் உச்சுக் கொட்டினார். நர்ஸ் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு அரைசென்டியைப் பார்த்தார். பிறகு அவருக்காகக் கைதட்டினார்.

மாலை நாலரை மணிக்குச் சங்க அறையில் அட்டைகளை வரிசையாக அடுக்கிப் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டிருந்தேன். மூன்றாம் பலகைக்கு எல்லோரும் 64 என்று எழுதியிருந்தார்கள். அவசரக்காரர் ஒருவர் 65 என்று. பத்தொன்பதாவது அட்டையில் 212.

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். 212-இல் 148 போனால் 64. பழைய பலகை இருந்திருந்தால் அது காட்டியிருக்க வேண்டிய எண், ஒரு கோடு பிசகாமல். அங்கே போயிருந்தால் அந்த எண்ணை அவர் எழுதியிருக்கவே முடியாது. போகாமல் அதை எழுத உலகத்தில் அவர் ஒருவரால்தான் முடியும்.

அப்போது நான் செய்ததையும் எழுத வேண்டும். சர்வே அலுவலகத்தில் பலகை மாறினால் பழைய கணக்கைப் புதிய கணக்குக்கு மாற்றி எழுதுவது எங்கள் நடைமுறை. அந்த நடைமுறையைத்தான் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பத்தொன்பதாவது வரியில் 64 என்று எழுதினேன். அட்டையைக் கட்டோடு கட்டாக வைத்து நூல் கட்டினேன். மறுநாள் பெயின்டர் வந்து சுவர்ப்பலகையில் அவர் பெயரை எழுதிவிட்டுப் போனார்.

மூன்று நாள் கழித்து, ஒரு காலைப் பொழுதில், அரைசென்டி சங்க அறைக்கு வந்தார். முழங்கால் வரை சேறு. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"மூணாம் ஸ்டேஷனுக்குப் போயிட்டு வரேண்ணே."

பேனாவை மூடி வைத்தேன்.

"சரியா எழுதினேனான்னு பாக்கத்தான் போனேன். மனசு கேக்கல. எண்ணாவது சரியா இருந்தா கொஞ்சம் ஆறும்னு தோணுச்சு. போனா பலகையே வேற. அம்பத்தொம்பதுன்னு காட்டுது." கையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "நான் எழுதின எண்ண அன்னிக்கே பாத்திருப்பீங்க."

"பாத்தேன்."

"பதிவேட்டக் காட்டுங்க."

எடுத்துக் காட்டினேன். பத்தொன்பதாவது வரியில் விரலை வைத்தார். 64.

"நான் ஒரு நாள் பாக்காம எழுதினேன். நீங்க பாத்துட்டே மாத்தி எழுதியிருக்கீங்க."

"பழைய பலகைக் கணக்கு, தம்பி. மாத்திப் போடறது வழக்கம்தானே" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"காய்ச்சல்ல 'பார்க்கவில்லை'ன்னு எழுதி அனுப்பினேனே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அதையாவது மாத்தாம வச்சிருந்தீங்களா?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. மாற்றவில்லை, அப்படியேதான் ஏற்றினேன். அதைச் சொல்லாமல் பேனாவை எடுத்தேன். சர்வே அலுவலகத்துப் பழக்கப்படி, அடிக்க வேண்டிய வரியை ஒற்றைக் கோட்டால் அடிக்க வேண்டும். அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் காரணம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். கோட்டை நான் போட்டேன். காரணத்தை அவரே எழுதினார்: 'மூன்றாம் நிலையம் போகவில்லை.' அதன் கீழே நான், '212 என்றிருந்ததை 64 என்று மாற்றியது நான்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். இரண்டு கையெழுத்தும் அந்தச் சின்ன இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன.

"சிஸ்டர்கிட்ட சொல்லணும். நீங்களும் வாங்க. தனியாப் போனா வாசல்லயே திரும்பிருவேன்" என்றார்.

மருத்துவமனையின் வெளிநோயாளிப் பிரிவில், ஊசி போடும் அறைக்கு வெளியே நீளமான பெஞ்சில் காத்திருந்தோம். பக்கத்தில் இருந்தவர் டோக்கன் எண் கேட்டார். டோக்கன் இல்லை என்றோம். இரண்டு கிழவர்கள் டோக்கன் இல்லாமல் எதற்கு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். பதினொன்றே காலுக்கு நர்ஸ் வெளியே வந்தார்.

அரைசென்டி எழுந்து நின்றார். வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததை விட்டுவிட்டார். "நான் மூணாம் பலகைக்குப் போகல சிஸ்டர்" என்று மட்டும் சொன்னார்.

"தெரியுமேய்யா" என்றார் நர்ஸ்.

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். டயரை மாட்டிய அவசரத்தில் அதைத் திருப்பி மாட்டிவிட்டார் போலிருக்கிறது. அந்தப் பின் டயரில் அம்புக்குறி போன்ற கட்டங்கள் உண்டு. அம்பு பின்பக்கம் பார்த்து இருந்திருக்கிறது. கை கழுவும்போதுதான் அது ஞாபகத்துக்கு வந்திருக்கிறது.

"வழுக்கி விட்டுருமோன்னு பயம். அம்புத் தடத்தப் பாத்துக்கிட்டே வந்தேன். வரப்புல முக்கால் கிலோமீட்டர் போய்ப் பாத்தா, தடமே இல்ல. சதுப்புல விழுந்துட்டீங்கன்னு நெனச்சு அப்படியே திரும்பிட்டேன். நாணலுக்குள்ள கூப்பிட்டுக்கூடப் பாத்தேன். பாலத்துக்கு வந்தாதான் தெரியுது, அம்பு நேராக் கரையிலயே போகுது. அப்புறம் நான் மறுபடி வரப்புல திரும்பிப் பலகைக்குப் போனேன்."

திரும்பி வந்து மறுபடி போனதில் ஏழு நிமிடம் போயிருக்கிறது. நான் மனதுக்குள் கழித்துப் பார்த்தேன். பன்னிரண்டு ஐம்பத்தேழு. அரைசென்டியும் கழித்திருக்க வேண்டும்.

"அப்புறம் ஏன் சிஸ்டர் கைதட்டினீங்க?"

நர்ஸ் கையுறையைக் கழற்றிக்கொண்டே யோசித்தார். "வயசான மனுஷன், ஆசப்பட்டுட்டாரு, போகட்டும்னு விட்டுட்டேன்."

திட்டியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். நானும் தாங்கியிருப்பேன். பதிவேட்டில் 64 என்று எழுதியபோது என் மனதில் ஓடியதும் அந்த வார்த்தைகள்தான், ஒரு எழுத்து மாறாமல். அரைசென்டியின் காது மடல்கள் சிவந்து போனதைப் பார்த்தேன். பிறகு பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

"அந்த ஏழு நிமிஷத்தக் கழிச்சு உங்க பேரப் போடச் சொல்றேன். அண்ணன் செய்வாரு" என்றார் அரைசென்டி, தரையைப் பார்த்தபடி.

"வேணாம்யா. எனக்கும் மாத்தி எழுதிக் குடுக்க வேணாம். ஒண்ணு நாலுக்கு வந்தேன், ஒண்ணு நாலுதான்." உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். போகிறவர் நின்று, "அந்த டியூப் மட்டும் எனக்குத் திருப்பித் தந்துருங்க. என்கிட்ட வேற மாத்து இல்ல" என்றார்.

அன்று சாயங்காலமே அரைசென்டி புது டியூப் ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தார். சுவர்ப்பலகையில் இருந்த பெயரை அழிக்கப் பெயின்டர் மறுபடி வந்தார். வெள்ளை மேல் வெள்ளை அடித்தாலும் அந்த இடம் கொஞ்சம் மேடாகத் தெரிகிறது. சங்கக் கூட்டத்தில் அரைசென்டியே எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னார். அதன்பின் நானும் எழுந்து என்னுடையதைச் சொன்னேன். பதிவேட்டை வேறு யாரிடமாவது கொடுக்கும்படி கேட்டுக்கொண்டேன். யாரும் வாங்க முன்வரவில்லை. "கையெழுத்து யாருக்குமே நல்லா இல்லையே" என்று ஒருவர் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

வீட்டில் அவர் மனைவி ஒரு வாரம் கொக்கு என்று கூப்பிடவில்லை. பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை. "அந்த அம்மா நாணலுக்குள்ள நின்னு கூப்பிட்டிருக்கு, இவரு காதுல விழாத தூரத்துக்குப் போயிட்டாரு" என்று மெஷினைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே தைத்தாராம்.

இந்த ஆண்டுச் சுற்றில் அரைசென்டி மறுபடி ஓட்டினார். அறுபத்தெட்டு வயது. நர்ஸ் பன்னிரண்டு முப்பத்தொன்றுக்கே வந்துவிட்டார். அவர் பெயர் சுவரில் ஏறிவிட்டது. அரைசென்டி ஒன்று ஒன்பதுக்கு வந்தார். ஒன்பது நிமிடம் தாமதம், பெயர் இல்லை. இடுப்பு வரை சதுப்புச் சேறு. அட்டையில் மூன்றாம் கட்டத்தில் 71.5 என்று இருந்தது. மற்றவர்கள் பாதிப் பேர் 71, பாதிப் பேர் 72. நான் 71.5 என்றே ஏற்றினேன்.

அவர் கோட்டைத் தாண்டியபோது நர்ஸ் கைதட்டினார். சைக்கிளைச் சுவரோரம் சாய்த்துவிட்டு அரைசென்டி என் மேசைக்கு வந்து நின்றார்.

"இந்தத் தடவை நிமிந்து அவங்க முகத்தப் பாக்கலாம்னு நெனச்சுட்டே வந்தேண்ணே, தொண்ணூத்திரெண்டு கிலோமீட்டரும்."

"பாத்தீங்களா?"

"இல்லண்ணே" என்றார். "நேரத்த எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டேன்.